உஷார்! புது வீட்டுச் சுவர் புடைக்கிறதா? பூசி மறைக்காதீர்கள்!

புது வீட்டுச் சுவரில் ஒரு புடைப்பு கண்ணில் படுகிறதா? பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். ஆளைக் கூப்பிட்டு மட் எனப்படும் சாந்தைப் பூசச் சொல்லாதீர்கள். முதலில் பெருவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பாருங்கள். அமுங்குகிறதா, விறைப்பாக நிற்கிறதா? பல ஆயிரம் டாலர் செலவு வரப்போகிறதா இல்லையா என்பதற்கு அங்கேயே முதல் தடயம் கிடைத்துவிடும்.

ஒன்டாரியோவில் புதிதாகக் கட்டிய வீட்டில் குடியேறி, முதல் குளிர்காலத்தைக் கடக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் இதைச் சொல்கிறேன். மில்டன், பிராம்ப்டன், ஏஜாக்ஸ், விட்பி, மார்க்கம் என்று நம்மவர்கள் வாங்கும் புது வீடுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கட்டப்படுகின்றன. மரச்சட்டத்தில் எலும்புக்கூடு, அதன்மேல் அரை அங்குல ட்ரைவால், வெளியே செங்கல் முகப்பு. எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

ஒரே வீட்டில் இரண்டு புடைப்புகள்

மார்ச் மாதம் சாவி வாங்கினோம். அடுத்த ஜனவரியில் மாடிப்படி ஏறும்போது என் மனைவி சுவரைக் காட்டினார். படிக்கட்டை ஒட்டி இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பும் அந்தச் சுவரின் நடுவில், மேல்தளம் தொடங்கும் மட்டத்தில், குறுக்காக ஒரு மேடு. பத்தடி நீளம் இருக்கும். பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் படிக்கட்டு விளக்கைப் போட்டால் சுவருக்குள் கயிறு கட்டியது போல நிழல் விழும். வீடு இறங்குகிறது, அஸ்திவாரம் போய்விட்டது என்று நினைத்து இரண்டு இரவு தூக்கம் இல்லை.

அதே வாரம் கீழ்த்தளத்தில் இன்னொன்று. குடும்ப அறைச் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படம் ஆடியது. சட்டத்தின் இரண்டு கீழ்முனைகளும் சுவரைத் தொட்டு நின்ற படம் அது. இப்போது ஒரு முனைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. ஆணி தளர்ந்திருக்கும் என்று நினைத்து ஆணியை மாற்றினேன். அப்போதும் ஆடியது. படத்தைக் கழற்றிப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன உப்பல். கறை இல்லை, விரிசல் இல்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் எல்லோருக்கும் படிக்கட்டுச் சுவரின் மேல்தான் கண்.

பிப்ரவரியில் மகளின் பிறந்தநாள். விருந்தாளிகள் வருவதற்குள் இரண்டையும் பூசிவிடலாம் என்று, டொரன்டோவில் இருபது வருடத்துக்கு மேல் ட்ரைவால் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரை அழைத்தேன். அவர் படிக்கட்டில் நின்று மேட்டைத் தடவினார், அழுத்தினார், அசையவில்லை. கீழே வந்து படம் இருந்த இடத்தில் பெருவிரலை வைத்தார். காகிதம் மெல்ல உள்ளே போனது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"தம்பி, மேலை பெரிசா நிக்கிறதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. இந்தச் சின்னன்தான் பயப்பிட வேண்டியது. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு தெரியாமல் மேலாலை பூசக் கூடாது" என்றார். பூசுவதற்குக் கொண்டுவந்த மட் வாளியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போன அந்த மனிதருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஊர்ச் சுவர் வேறு, இந்தச் சுவர் வேறு

நாம் செங்கல் சுவரோடு வளர்ந்தவர்கள். ஊரில் சுவர் உப்பினால் சிமென்ட் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று அர்த்தம். தட்டிப் பார்த்து, வெற்றுச் சத்தம் வரும் இடத்தைக் கொத்திவிட்டுப் புதுப்பூச்சு வைத்தால் தீர்ந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் பூசினால் சரி என்று தோன்றுகிறது.

ட்ரைவால் என்பது இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்து அழுத்திய பலகை. 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்களில் அதைத் திருகியிருக்கிறார்கள். சட்டங்களுக்கு நடுவே தட்டினால் வெற்றுச் சத்தம்தான் வரும், அதில் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பலகை தானாகப் புடைக்காது. பின்னால் இருந்து ஏதாவது தள்ளினாலோ, இரண்டு பக்கமும் நெருக்கினாலோ, நனைந்து ஊறினாலோதான் புடைக்கும். முன்பக்கம் பூசுவதால் இந்த மூன்றில் ஒன்றுகூட நிற்காது.

படிக்கட்டு மேட்டுக்குக் காரணம்

எங்கள் படிக்கட்டுச் சுவரின் மேட்டுக்குக் காரணம் மரம் காய்ந்தது. கட்டுமான மரம் 19 சதவீதம் வரை ஈரத்தோடு வரலாம். வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க ஃபர்னஸ் ஓடினால் அது 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, சுருக்கம் எல்லாம் அகலவாக்கில்தான். ஈரம் 4 புள்ளி குறைந்தால் அகலத்தில் 1 சதவீதம் போகும் என்பது தச்சர்களின் கணக்கு.

இரண்டு மாடிகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் கிடக்கும் மரத்தைக் கூட்டிப் பாருங்கள். தளத்தைத் தாங்கும் ஜாய்ஸ்ட் 235 மில்லிமீட்டர். அதன் மேலும் கீழும் சட்டங்களைப் பிடிக்கும் பலகைகள் மூன்று, ஒவ்வொன்றும் 38 மில்லிமீட்டர். மொத்தம் 350 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஈரம் 10 புள்ளி இறங்கினால் அதில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மறைந்துவிடும். ஆனால் அந்த இடத்தைத் தாண்டி ஒட்டியிருக்கும் ட்ரைவால் சுருங்காது. மேலும் கீழும் நெருக்கும்போது அதற்கு வெளியே வளைவதைத் தவிர வேறு வழியில்லை. அதுதான் அந்தக் குறுக்கு மேடு. இப்போது பல வீடுகளில் போடும் ஐ வடிவ ஜாய்ஸ்ட் இவ்வளவு சுருங்காது. அங்கே மேடு சின்னதாக இருக்கும், அல்லது வராமலே போகும்.

இது வீடு இடியும் அறிகுறி அல்ல. இரண்டாவது குளிர்காலம் முடியும்வரை பொறுத்து, மரம் முழுவதும் காய்ந்த பிறகு, அந்த இடத்தை வெட்டி மறுபடி திருகிப் பூசினால் நிற்கும். அவசரப்பட்டு முதல் வருடமே பூசினால் அடுத்த குளிரில் மறுபடி எழும்பும்.

சின்ன உப்பலுக்குள் இருந்தது

படத்துக்குப் பின்னால் இருந்த உப்பலுக்கு நேர் மேலே மாடிக் குளியலறையின் ஷவர். தண்ணீராகத்தான் இருக்கும் என்று மீட்டரைப் பார்த்தோம். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைப் படம் எடுத்து, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்தோம். எண் நகரவே இல்லை. அப்பாடா, கசிவு இல்லை என்று விட்டுவிடும் இடம் இதுதான். அப்படி விட்டுவிடாதீர்கள்! தண்ணீர் வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும், அதில் ஓட்டை இருந்தால் மீட்டர் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் போகும் குழாயில் ஓட்டை இருந்தால், குளிக்கும்போது மட்டும்தான் கசியும். மீட்டருக்கு அது தெரியாது.

அடுத்த சோதனை ஷவரில். சுவர் டைல்களில் ஒரு சொட்டும் படாமல், கைஷவரை வடிகாலுக்குள்ளேயே பிடித்துக் கால் மணி நேரம் தண்ணீர் விட்டோம். கீழே ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் சுவரில் குத்தி வைத்திருந்தோம். மற்ற சுவர்களில் 8-ஐ ஒட்டி நின்ற எண், இங்கே தொடங்கும்போதே 20-ஐத் தாண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் இன்னும் ஏறியது. டைல் நனையாமலே எண் ஏறியதால் குற்றம் டைலில் இல்லை, வடிகாலில் என்று தெரிந்தது. ஈரமானி ட்ரைவாலில் காட்டும் எண்ணைச் சரியான சதவீதமாக எடுத்துக்கொள்ள முடியாது. காய்ந்த சுவரின் எண்ணையும் சந்தேகச் சுவரின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை.

பில்டரின் ஆள் வந்து ஓரடிச் சதுரமாக வெட்டித் திறந்தார். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அறை முழுக்க வந்தது. ட்ரைவாலின் முன்பக்கம் வெள்ளையாக, பளிச்சென்று இருந்தது. பின்பக்கக் காகிதத்தில் கரும்பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். கீழே கிடந்த மரப்பலகையில் நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தது. ஷவர் வடிகாலின் இணைப்பை முழுதாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். பத்து மாதம், தினமும் நான்கு பேர் குளித்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. பூஞ்சை பிடிக்க அவ்வளவு நாள் தேவையே இல்லை. நனைந்த ட்ரைவால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும். அந்தக் காகிதம்தான் அதற்குச் சாப்பாடு.

பிறந்தநாளுக்கு முன்னால் மட் பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் இந்தச் சுவர் இன்னும் ஒரு வருடம் அழகாக இருந்திருக்கும். அதன் பின்னால் எங்கள் குழந்தைகள் மூச்சு விடும் அறையில் பூஞ்சை வளர்ந்திருக்கும்.

உங்கள் சுவர் என்ன சொல்கிறது?

இருட்டிய பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். ஒளி சுவரைத் தடவிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு மேடும் நிழல் விடும். நான்கடி ரசமட்டத்தைப் புடைப்பின் மேல் வைத்து, இரு முனையிலும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு வடிவத்தைப் பாருங்கள்.

தரையிலிருந்து கூரை வரை செங்குத்தாக ஒரே மேடு என்றால், பின்னால் நிற்கும் சட்டம் காய்ந்து முறுக்கியிருக்கலாம். சுவரில் காந்தத்தை நகர்த்தினால் திருகு உள்ள இடத்தில் ஒட்டும். மேடும் திருகு வரிசையும் ஒன்றாக ஓடினால் சட்டம்தான். வட்ட வட்டமாக, பட்டாணி அளவில் பல இடங்களில் துருத்தினால், காய்ந்த மரம் திருகையும் ஆணியையும் வெளியே தள்ளியிருக்கிறது. இரண்டும் அசிங்கம், ஆபத்து இல்லை.

குடியேறிய நாளிலிருந்தே ஓர் இடம் புடைத்திருந்து, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால், பலகைகள் சேரும் இடத்தில் மட் தடிப்பாகப் பூசப்பட்டிருக்கலாம். பின்னால் கழிவுக் குழாயும் இருக்கலாம். உட்சுவரின் சட்டம் மூன்றரை அங்குல ஆழம். மூன்று அங்குலக் கழிவுக் குழாயின் வெளிவிட்டமும் சரியாக மூன்றரை அங்குலம். குழாய் இணையும் கழுத்து அதைவிடத் தடிமன், ஆகவே சுவரைத் தள்ளும். குளியலறைக்குக் கீழேயும் சமையலறைக்குப் பின்னேயும் உள்ள சுவரில் இப்படி இருந்தால் அங்கே ஆணி அடிக்கவே அடிக்காதீர்கள்!

அழுத்தினால் சுவர் உள்ளே போய், விட்டதும் திரும்பி வந்தால் திருகு பிடிக்கவில்லை. அழுத்திய குழி அப்படியே நின்றால், பெயிண்ட் கொப்பளித்தால், மஞ்சள் கறை படர்ந்தால், கீழே ஓடும் பேஸ்போர்ட் வீங்கினால், மூடிய அறையைத் திறந்ததும் வாடை அடித்தால், அது தண்ணீர். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வெளிச்சுவரில் ஜன்னலுக்குக் கீழே உப்பினால் மழையும் பனியும் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். செங்கல் முகப்பின் அடிவரிசையில் சின்னச் சின்ன இடைவெளிகள் விட்டிருப்பார்கள். செங்கல்லுக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறும் வழி அது. பூச்சி வரும் என்று பயந்து அதை சிமென்டால் அடைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

இந்த மூன்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்

ஒன்று, உட்கூரை தொப்பை விட்டுத் தொங்குவது. எட்டடிக்கு நான்கடிப் பலகை காய்ந்திருக்கும்போதே ஏறக்குறைய 20 கிலோ. அதன்மேல் தண்ணீர் தேங்கினால் லிட்டருக்கு ஒரு கிலோ கூடும். அதன் கீழ் யாரும் படுக்கக் கூடாது. முதலில் அந்த அறையின் பிரேக்கரை அணையுங்கள், தண்ணீரின் மெயின் வால்வை மூடுங்கள். பிறகு வாளியை வைத்து, ஓரமாக நின்று, ஸ்க்ரூடிரைவரால் சின்னத் துளை போட்டுத் தண்ணீரை இறக்குங்கள்.

இரண்டு, புடைப்போடு சேர்ந்து கதவுகள் இறுகுவது, ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடுவது, அந்த விரிசல் மாதாமாதம் அகலமாவது. இது கட்டமைப்புக் கோளாறாக இருக்கலாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

மூன்று, நாமே செய்துகொள்ளும் கேடு. பேஸ்மென்ட்டில் வாடகை அறை கட்ட இரும்புத் தூணை நகர்த்துவது, சமையலறையை விரிக்கச் சுவரை எடுப்பது, குழாய் விட ஜாய்ஸ்ட்டை வெட்டுவது. பெர்மிட் இல்லாமல் இதைச் செய்த வீட்டில் மேல்மாடிச் சுவர் புடைத்தால், காரணத்தைக் கீழே தேடுங்கள்.

காலண்டரைப் பாருங்கள்!

ஒன்டாரியோவில் புது வீட்டுக்கான உத்தரவாதம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருகிறது. டேரியன் நிறுவனம் அதை நடத்துகிறது. வேலைத்தரத்துக்கும் பொருளுக்கும் ஓராண்டு. பிளம்பிங், மின்சாரம், சூடேற்றும் குழாய்கள், பேஸ்மென்ட்டுக்குள் நீர் புகுதல், வெளிச்சுவர் வழியாக நீர் புகுதல் ஆகியவற்றுக்கு இரண்டாண்டு. பெரிய கட்டமைப்புக் குறைக்கு ஏழாண்டு. மரம் காய்ந்து வரும் வழக்கமான சுருக்கம் இதில் சேராது. அதனால்தான் சுருக்கமா, கசிவா என்று பிரித்து அறிவது இவ்வளவு முக்கியம். வடிகால் கசிவு என்று நிரூபித்ததால் எங்களுக்குச் செலவில்லாமல் முடிந்தது.

முதலாண்டின் கடைசி 30 நாட்களுக்குள் ஆண்டிறுதிப் படிவத்தை டேரியனில் பதிவு செய்ய வேண்டும். பில்டரின் சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. "பண்ணித் தர்றோம் சார், கவலைப்படாதீங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் படிவத்தில் இல்லையென்றால் இல்லைதான். சந்தேகமாக இருக்கும் புடைப்பையும் எழுதுங்கள். புடைப்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள்.

பில்டர் பார்ப்பதற்குள் நீங்களே வெட்டிச் சரிசெய்துவிடாதீர்கள், சாட்சி போய்விடும். ஆனால் தண்ணீர் ஓடுகிறது என்றால் அதை உடனே நிறுத்துவது உங்கள் பொறுப்பு. வீட்டு இன்சூரன்ஸை நம்பி இருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். குழாய் திடீரென்று வெடித்தால் பொதுவாகப் பணம் தருவார்கள். மாதக்கணக்கில் மெல்லக் கசிந்ததற்குப் பெரும்பாலான பாலிசிகள் தராது.

எங்கள் படிக்கட்டு மேடு இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த குளிர் முடியட்டும் என்று விட்டிருக்கிறோம். குடும்ப அறைச் சுவரைப் புதிதாக மாற்றிவிட்டார்கள், அப்பாவின் படம் மறுபடி சுவரோடு ஒட்டி நிற்கிறது. இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுச் சுவர்களை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். படங்களைக் கழற்றிப் பாருங்கள், சோபாவை நகர்த்திப் பாருங்கள். குளியலறைகளுக்குக் கீழே இருக்கும் சுவர்களிலிருந்து தொடங்குங்கள். ஏதாவது அமுங்கினால், நாளைக் காலையே எழுதிப் பதிவு செய்யுங்கள்.